பழைய அம்பாசிடரில் பெட்ரோல் கசிகிறதா? கார்புரேட்டரையே மாற்றும் முன் பார்க்க வேண்டிய 5 இடங்கள்

காரை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் பேனட் பக்கம் போனால் பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும். குனிந்து பார்த்தால் தரையில் சின்னதாக ஓர் ஈரத் திட்டு. "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். மெக்கானிக்கிடம் போனால், "கார்புரேட்டரே போச்சு, மாத்திடலாம்" என்பார்.

இரண்டு பதிலையும் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். கசிவை அப்படியே விடுவது ஆபத்து. அதே சமயம், பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் விரல் நுனியில் அடங்கும் ஒரு சின்ன பாகம்தான். எந்த பாகம் என்பதை, பெட்ரோல் எப்போது கசிகிறது, எங்கிருந்து கசிகிறது என்ற இரண்டு கேள்விகளிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

அம்பாசிடரின் ஊர்ப் பக்கம்

சென்னையிலிருந்து ஹவுராவுக்கோ ஷாலிமாருக்கோ ரயிலில் போனவர்களுக்கு சாந்த்ராகாச்சி தெரிந்த பெயர். கொல்கத்தாவை எட்டுவதற்குச் சற்று முன்னால், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரைப் பக்கம், ஹவுரா மாவட்டத்தில் வரும் பெரிய ரயில் சந்திப்பு அது. அங்கிருந்து அதே கரையில் வடக்கே போனால், மாவட்ட எல்லை தாண்டியதும் உத்தர்பாரா. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1948-ல் தன் கார் தொழிற்சாலையை குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து மாற்றிக்கொண்டு வந்த இடம் இதுதான். அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயரே 'ஹிந்த் மோட்டார்'.

1950களின் கடைசியில் இங்கே தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி, 2014 மே மாதம் நின்றது. 2017-ல் 'அம்பாசிடர்' என்ற பெயரையே பிரான்ஸின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தொழிற்சாலை மூடப்பட்டாலும் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேலை நிமித்தம் சாந்த்ராகாச்சி, ஹவுரா பக்கம் குடியேறி, ஆசைக்கு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கியவராக நீங்கள் இருக்கலாம். அல்லது தாத்தாவின் கார் மதுரையிலோ கோவையிலோ உங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கலாம்.

ஒன்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் கார் பெட்ரோலா, டீசலா? டீசல் அம்பாசிடருக்கு கார்புரேட்டர் கிடையாது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகளில் பல டீசலில் ஓடியவை. இந்தக் கட்டுரை கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் கார்களுக்கானது. பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். பாகங்களின் வடிவம் மட்டும் மாறும்.

ஏன் இதைத் தள்ளிப்போடக் கூடாது?

அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதாவது, மேலே கார்புரேட்டரில் சொட்டும் பெட்ரோல், கீழே கொதிக்கும் இரும்பின் மேல் விழ வாய்ப்பு உண்டு.

பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக்கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, மூடிய ஷெட்டின் மூலைகளிலும் பள்ளங்களிலும் தங்கும். காற்றில் சுமார் 1.4% கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். தளர்ந்த ஒரு வயரின் பொறியோ, ஷெட்டில் போடும் சுவிட்சோ, யாரோ பற்றவைக்கும் பீடியோ மிச்ச வேலையை முடித்துவிடும்.

எனவே ஒரு விதி: சொட்டு கண்ணால் தெரிகிறது என்றால், சரி செய்யும் வரை காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கார்புரேட்டர் பெட்ரோலை எப்படிப் பிடித்து வைக்கிறது?

பல பெட்ரோல் அம்பாசிடர்களில் இருப்பது 'எஸ்யு' வகை கார்புரேட்டர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் அது. பிரிட்டனில் செருப்பு வியாபாரம் செய்த குடும்பத்தின் பிள்ளைகளான ஸ்கின்னர் சகோதரர்கள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார்கள். ஆரம்ப மாடல்களில் இன்றைய பிஸ்டனுக்குப் பதில் தோலால் ஆன ஒரு துருத்தி இருந்ததாம்; தொழில் விடவில்லை!

வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறது அல்லவா? தண்ணீர் ஏற ஏறப் பந்து மேலே போய்க் குழாயை அடைக்கும். கார்புரேட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கிண்ணத்திலும் அதே ஏற்பாடுதான். அந்தக் கிண்ணம் ஃப்ளோட் சேம்பர். உள்ளே மிதப்பது ஃப்ளோட். அது மேலே தள்ளி அடைக்கும் ஊசி, நீடில் வால்வு. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஒரு சிறு குழாய் வழியாக ஜெட்டுக்குப் போகிறது. ஜெட்டிலிருந்து காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகிறது.

பந்து வால்வு கெட்டால் தொட்டி வழியும். தொட்டியின் அடிக் குழாய் கெட்டால் கீழே சொட்டும். கார்புரேட்டர் கசிவும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதல் கேள்வி: எப்போது கசிகிறது?

இன்ஜின் ஓடும்போது மட்டும் வழிகிறதா? பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிறது, ஊசி அடைக்கவில்லை. நீடில் வால்வையோ ஃப்ளோட்டையோ சந்தேகப்படுங்கள். பம்ப்பிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பாருங்கள்.

இரவெல்லாம் நின்ற கார், காலையில் கீழே ஈரமா? அம்பாசிடரில் டேங்க் பின்னால் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ஆக, நின்ற காரில் கசிவது பெரும்பாலும் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல். கிண்ணத்தின் அடிப்பக்க இணைப்புகளைப் பாருங்கள்.

சூடாக ஓட்டி நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் மட்டும் கசிகிறதா? கோனா எக்ஸ்பிரஸ்வேயில் சாந்த்ராகாச்சி பாலத்தருகே வெயிலில் நெரிசலில் ஊர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இது நடக்கும். இன்ஜின் நின்றதும் காற்றோட்டமும் நின்றுவிடுகிறது. மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறி, கிண்ணத்திலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோலை விரிவடையவும் கொதிக்கவும் வைக்கிறது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகட்டை யாராவது முன்பு கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: எங்கிருந்து?

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கார்புரேட்டரின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். காற்று உள்ளே போகும் வாய்க்குள் பவுடர் போகாமல் ஏர் ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் பவுடர் எங்கே முதலில் நனைகிறதோ, அதுதான் மூலம். கீழே சொட்டும் இடத்தை நம்ப வேண்டாம். பெட்ரோல் உடம்பு முழுக்க வழிந்து வேறெங்கோ போய்ச் சொட்டும். பழைய கசிவு பழுப்பு மஞ்சள் கறையாகக் காய்ந்திருக்கும்; அதுவும் ஒரு துப்பு.

கை வைப்பதற்கு முன்

* காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஷெட்டுக்குள் நிற்கிறது என்றால், ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.
* பெட்ரோல் வாசனை கலைந்த பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
* 2 கிலோ உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோல் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.
* வடியும் பெட்ரோலைப் பிடிக்க மூடி உள்ள உலோகப் பாத்திரம் வையுங்கள். சாக்கடையில் கொட்டாதீர்கள்.
* செல்போன் டார்ச்சைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டிப் பிடிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 5 இடங்கள்

1. ரப்பர் குழாயும் கிளிப்பும். முதலில் பார்க்க வேண்டியதும், சரிசெய்ய எளிதானதும் இதுதான். குழாயை லேசாக மடக்கிப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்பு, பிசுபிசுப்பு, உப்பல், எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். புதிய குழாய் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்ற தர அடையாளம் அச்சடித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரம் அது. தண்ணீர்க் குழாய், கண்ணாடி போல் தெரியும் சாதாரண பிளாஸ்டிக் குழாய் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

2. நீடில் வால்வு. மூடியிலிருந்தோ ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்தோ பெட்ரோல் வழிந்தால், பத்தில் பல முறை குற்றவாளி இதுதான். அதிலும் ஊசி தேய்வதற்கு முன்பே, ஒரு துளி அழுக்கு நடுவில் சிக்கியிருக்கும். கிண்ணத்தின் மூடியைக் கழற்றி, ஊசியை எடுத்து, அது உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். ஊசி முனையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். முனையில் வைட்டான் ரப்பர் உள்ள ஊசி கிடைத்தால் நல்லது.

3. ஃப்ளோட். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே 'சளக்' சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. கனமான ஃப்ளோட் மேலே வராது, ஊசியை அடைக்காது. சந்தேகம் தீரவில்லையா? வேறு இடத்தில் சூடாக்கிய வெந்நீரை எடுத்துவந்து அதில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் ஓட்டை. ஃப்ளோட் நன்றாக இருந்தாலும் உயரம் தவறாக இருக்கலாம். எஸ்யு வகையில் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால், ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே பொதுவாக 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 3 மி.மீ. டிரில் பிட்டை நடுவில் வைத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

4. மூடியின் கேஸ்கெட். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய பாக்கிங். கழற்றினால் மாற்றிவிட வேண்டும். பழையதைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு போட்டும் கசிந்தால், மூடியே வளைந்திருக்கலாம். கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுவோம்" என்று ஸ்க்ரூவை முறுக்கி முறுக்கியே பல மூடிகள் இப்படி வளைந்திருக்கின்றன.

5. ஜெட்டுக்குப் போகும் அடிக் குழாய். இரவில் கசியும் காரில் பெரும்பாலும் இதுதான். பிற்கால எஸ்யு மாடல்களில் கிண்ணத்தின் அடியிலிருந்து ஜெட்டுக்கு ஒரு நைலான் குழாய் போகும். அதன் நுனியில் ஒரு சின்ன ரப்பர் வளையம். ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் சொட்டும். மாற்றும்போது குழாயின் நுனி வளையத்தைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டை முறுக்கும்போது வளையம் நழுவி, கசிவு முன்னைவிட அதிகமாகும்.

இந்த ஐந்தும் சரியாக இருந்தும் வழிகிறதா? பம்ப்பைப் பாருங்கள். கார்புரேட்டருக்குத் தேவை மிகக் குறைந்த அழுத்தம், 0.3 பாருக்கும் கீழே. பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்குப் பதில், இன்ஜெக்‌ஷன் காரின் எலக்ட்ரிக் பம்ப்பைச் சிலர் மாட்டிவிடுகிறார்கள். அதன் அழுத்தம் சுமார் 3 பார். பத்து மடங்கு அழுத்தத்தை எந்த ஊசியும் தாங்காது.

"போன வருஷம்தானே சரி செய்தோம், மறுபடியும் ஏன்?"

பல பழைய கார் உரிமையாளர்கள் இப்போது கேட்கும் கேள்வி இது. பதிலின் ஒரு பகுதி பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. இந்தியாவில் 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. 2025-ல் நாடு முழுக்க இதுதான் வழக்கமான பெட்ரோல் ஆகிவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் வாங்கும் வாய்ப்பு வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது. சில பழைய வாகனங்களில், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

கார்புரேட்டருக்குள் எத்தனால் என்ன செய்கிறது?

முதலாவது, எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்படாத பழைய ரப்பரையும் கார்க்கையும் உப்ப வைக்கிறது அல்லது இறுக வைக்கிறது. இரண்டாவது, பல ஆண்டுகளாக டேங்க்கின் சுவரில் ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கரைத்துக் கிளப்பிவிடுகிறது. அந்த அழுக்கு நேராக வந்து சிக்கும் இடம் நீடில் வால்வு. மூன்றாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஹவுரா, கொல்கத்தா பக்கத்து மழைக்காலக் காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் காரின் டேங்க்கில் தண்ணீர் சேர்ந்து, உலோக பாகங்களை அரிக்கும்.

நான்காவது ஒன்று பலருக்குத் தெரியாது. பழைய மெக்கானிக்குகள் இணைப்புகளில் தடவும் ஷெல்லாக், ஆல்கஹாலில் கரையக்கூடிய பொருள். அந்தக் காலப் பெட்ரோலில் அது தாக்குப்பிடித்தது. இன்றைய பெட்ரோலில் கரைகிறது. மெக்கானிக் தவறு செய்யவில்லை, எரிபொருள் மாறிவிட்டது.

ஆக, அதே பழைய வகை ரப்பரையே திரும்பப் போட்டால் அதே கசிவு திரும்ப வரும். எத்தனாலைத் தாங்கும் பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையில் ஒரு நல்ல ஃபில்டர் போடுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கு மேலே மட்டும் ஃபில்டர் வேண்டாம். மாதக்கணக்கில் காரை நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

கசியும் இடத்தில் சோப்புக்கட்டியைத் தேய்ப்பது நம் ஊர் நெடுஞ்சாலை வைத்தியம். சொட்டு கொஞ்ச நேரம் நிற்கும். சூடு ஏறியதும் திரும்ப வரும். அதை நம்பி ஓட்டாதீர்கள். எபாக்ஸி பசையை அப்பினால், அடுத்த முறை கழற்றவே முடியாது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பின் நார் பிய்ந்து உள்ளே போனால் ஜெட் அடைத்துக்கொள்ளும். கழற்றிய பாகத்தைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் துளையின் அளவு மாறி, கார் அதிகப் பெட்ரோல் குடிக்கும்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் இந்தத் தகவல் உங்களுக்கு உதவும். "பெட்ரோல் ஒழுகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ராத்திரி நின்னாதான் ஒழுகுது, கிண்ணத்துக்கு அடியில் நனையுது" என்று சொல்லுங்கள். ஹவுராவின் தாதாவாக இருந்தாலும் சரி, நம் ஊர் அண்ணனாக இருந்தாலும் சரி, வேலை தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். அப்புறம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஊசியையும் சீட்டையும் ஜோடியாக மாற்றுகிறீர்களா? ரப்பர் எத்தனாலைத் தாங்குமா? கழற்றிய பழைய பாகங்களை எனக்குத் தருவீர்களா?

உதிரி பாகங்களுக்கு கொல்கத்தாவில் மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை. முழு கார்புரேட்டரைத் தேடுவதற்கு முன், கேஸ்கெட், ஊசி, வளையங்கள் சேர்ந்த ரிப்பேர் கிட் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பழைய கார்புரேட்டரின் மேல் உள்ள தகட்டு எண்ணைப் போட்டோ எடுத்துப் போனால் தவறான கிட்டோடு திரும்பி வர மாட்டீர்கள். திராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுவது, உடம்பிலேயே விரிசல் விழுவது போன்றவற்றுக்குத்தான் முழுசாக மாற்ற வேண்டிய தேவை வரும்.

வேலை முடிந்ததா? உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள்

சிந்திய பெட்ரோல் முழுக்கக் காய்ந்த பிறகு பேட்டரியை இணையுங்கள். பேனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் தீயணைப்பானோடு பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஐந்து நிமிடம் ஓடட்டும். ஒரு சொட்டு வந்தாலும் அணைத்துவிடுங்கள். வரவில்லை என்றால் பக்கத்துத் தெருவரை ஒரு சுற்று போய்வந்து, சூடான காரை நிறுத்தி கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கடைசியாக, இரவு கார்புரேட்டருக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அட்டையில் கறை இல்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுக்கலாம்.